பாசி பிடித்த கயிறு

அந்தக் காலத்தில் கரடிக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது. பாசிக்கு மலைக்குள் இறங்கிய வேர் இருந்தது. இன்று கரடியிடம் பேச்சும் இல்லை, பாசியிடம் வேரும் இல்லை. அவை போன கதைதான் இது. கரடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம். சிரித்துக்கொண்டே கேட்க உட்கார்ந்தவர்கள் பலர் பாதியில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று நாம் செருப்புக் காலால் தேய்த்துவிட்டுப் போகிறோமே, அந்தப் பாசி அல்ல அன்றைய பாசி. ஆள் குட்டைதான், விரல் உயரம்கூட வரமாட்டான். ஆனால் அவன் வேர் பாறை வெடிப்பின் வழியே இறங்கி, மலையின் அடிவயிற்றில் ஊறும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கோடையிலும் அவன் பச்சை மாறியதில்லை. சூறைக்காற்றில் வேங்கை மரமே சாய்ந்திருக்கிறது, பாசி அசைந்ததில்லை. அவன் எதையாவது வேரால் சுற்றிப் பிடித்தால் யானை இழுத்தாலும் வராது என்று காட்டில் பேச்சு. யானையும் ஒருமுறை வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, பேச்சு மெய்தான் என்று தும்பிக்கையைத் தடவிக்கொண்டே போனது.

அதே மலையில் மாதி என்று ஒரு பெண் கரடி இருந்தாள். நல்ல உழைப்பாளி, கொஞ்சம் வாயாடி. அவளுக்கு ஒரே ஒரு குறை, கூடப்பிறந்தவன் இல்லை. கூடப்பிறந்தவன் இல்லாதது ஒரு குறையா என்று கேட்கலாம். கரடிகளுக்கு அது பெரிய குறை. அதற்குக் காரணம் தேன்.

பெரிய மலைத்தேனீக்கள் செங்குத்தான பாறையின் வயிற்றில்தான் கூடு கட்டும். கீழிருந்து ஏற முடியாது. முறுக்கிய கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலிருந்து தொங்கித்தான் இறங்க வேண்டும். இறங்குகிறவன் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில் இருக்கும். அந்தக் கை யாருடையதாக இருக்க வேண்டும் என்று கரடிகள் யோசித்து யோசித்து ஒரு முறை வகுத்திருந்தார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. 'பங்காளி பிடித்தால் பங்கு நினைப்பு வரும், மச்சினன் பிடித்தால் அக்காள் முகம் நினைப்பு வரும்' என்பார்கள். எந்த அண்ணன் எந்தத் தம்பியை எந்தக் காலத்தில் கைவிட்டானோ, யாருக்குத் தெரியும்? முறை என்றால் முறைதான்.

ஆகவே, தம்பி இல்லாத மாதியைக் கட்டுகிறவன் தேன் எடுக்கப் போக முடியாது. பெண் கேட்டு வந்தவர்களெல்லாம், "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா கயிறு யாரு பிடிப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ராக்கன் என்கிற கரடி மட்டும் திரும்பிப் போகாமல் நின்றான். அவனுக்கு மாதி மேல் அவ்வளவு ஆசை. அவனுடைய அண்ணன் சடையன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று மாதி பாறைமேல் உட்கார்ந்து அழுதாள். அவள் கண்ணீர் விழுந்த இடத்தில்தான் பாசி இருந்தான்.

"எதுக்கு அழுவுற? நான் பிடிக்கிறேன் கயித்த" என்றான்.

மாதிக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது. "நீ யாரு எனக்கு? எந்த மொறையில பிடிப்ப?"

"நல்லாப் பாரு. உனக்கும் ஒடம்பு பூரா முடி, எனக்கும் ஒடம்பு பூரா முடி. உனக்கும் வெயிலு ஆகாது, எனக்கும் ஆகாது. ரெண்டு பேரும் மூடுபனியில பொறந்தவங்க. நீ ஒசந்துட்ட, நான் ஒசரல. அவ்வளவுதான் வித்தியாசம். நீ அக்கா, நான் தம்பி."

சடையன் வந்து பார்த்தான். பாசியின் வேரில் ஒரு கொடியைக் கொடுத்து, தன் கூட்டத்தார் எல்லாரையும் சேர்ந்து இழுக்கச் சொன்னான். கொடிதான் அறுந்தது. "சரிதான், இவன விட நல்ல மச்சினன் எங்க கெடைப்பான்" என்று சொல்லிக் கல்யாணத்தை முடித்து வைத்தான். தம்பி உள்ளவன் படைக்கு அஞ்சமாட்டான் என்பார்கள். தம்பி கிடைத்த மாதி அதன்பின் எதற்குமே அஞ்சவில்லை.

பாறைத் தலையில் வேலை இப்படி நடக்கும். பாசி வெடிப்பில் இருந்தபடி கொடியைப் பிடித்திருப்பான். ராக்கன் கீழே தொங்குவான். தேனீக்களின் இரைச்சலில் அவன் குரல் பாசிக்கு எட்டாது. அதனால் மாதி விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துச் சொல்லுவாள். அவள் சொல்லும் சொற்கள் நான்குதான். கொடியைக் கொஞ்சம் இறக்க வேண்டுமென்றால் 'இளக்கு'. போதுமென்றால் 'நிறுத்து'. மேலே ஏற்ற வேண்டுமென்றால் 'இழு'. கூட்டை அறுத்துக்கொண்டு ராக்கன் கீழ்த்திட்டில் காலூன்றிவிட்டான், இனிப் பிடிக்க வேண்டாம் என்றால் 'விடு'. அந்த இடத்தில் இந்த நான்கு சொல்லைத் தவிர வேறு சொல் பேசக் கூடாது. வீட்டுப் பேச்சை வீட்டில் வைத்துவிட்டுத்தான் பாறைக்கு வர வேண்டும் என்பது பழைய கட்டளை.

வாயாடியான மாதி பாறைத் தலையில் மட்டும் அடக்கமாக இருந்தாள். பாசியும் சொல்லை யோசித்துக்கொண்டிருக்கமாட்டான். 'இளக்கு' என்று காதில் விழும்போதே வேர் இளகும், 'இழு' என்றதும் இழுக்கும். அக்காள் சொல்லுக்கும் தம்பி வேருக்கும் நடுவில் ஒரு மூச்சுக்கூட இடைவெளி கிடையாது. காட்டில் எல்லாரும் அதைத்தான் மெச்சினார்கள். மெச்சாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

மாதிக்குக் குட்டிகள் இரண்டு பிறந்தன. தாய்மாமன் பாசி மடியில்தான் அவை புரண்டு வளர்ந்தன. ராக்கனுக்கும் பாசிக்கும் எப்போதும் கேலிதான். மாமன் மச்சினன் என்றால் கேலி இல்லாமல் இருக்குமா? ராக்கன் கொடியை இடுப்பில் கட்டும்போதெல்லாம், "மாப்ளே, எந்திரிச்சு நின்னு பிடி" என்பான். "எந்திரிச்சுத்தான் மாமா நிக்கிறேன்" என்பான் பாசி. இந்த ஒரு கேலியை அவர்கள் இருவரும் சலிக்காமல் சொல்லிச் சலிக்காமல் சிரித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த மாதிக்குத்தான் சலித்தது.

ஒரு நாள் ராக்கன் கேலியைக் கொஞ்சம் நீட்டிவிட்டான்.

மேட்டுக்காட்டு ஓடையோரம் பெரணி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். சுருட்டை சுருட்டையாய்த் தளிர்விடும் அழகான பெண். பாசிக்கு அவள்மேல் மனசு. அக்காளிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தான். அக்காள் புருஷனிடம் சொன்னாள். ராக்கனும் நல்லெண்ணத்தோடுதான் போய்ப் பெண் கேட்டுவிட்டு வந்தான்.

கொடியை இடுப்பில் சுற்றிக்கொண்டே அவன் சிரித்தான். "மாப்ளே, பெரணி வீட்டுக்குப் போயிருந்தேன். பொண்ணோட அப்பன் என்ன கேட்டான் தெரியுமா? 'மாப்பிள்ளை பாறையில குடியிருக்காரா, இல்ல அவருதான் பாறையில படிஞ்ச அழுக்கா?'ன்னு கேட்டான்."

சொல்லிவிட்டு, கடகடவென்று சிரித்தபடி விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டான். பெண்ணின் அப்பன் கிழவன், கண் தெரியாதவன், கடைசியில் சம்மதித்துவிட்டான் என்கிற மீதிச் செய்தியை மேலே ஏறி வந்தபின் சொல்லலாம் என்று நினைத்திருந்தான். பாவி, அதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா?

பாசி கொடியைப் பிடித்திருந்தான். பிடியில் ஒரு குறையும் இல்லை. மனசுதான் அந்த 'அழுக்கு' என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"இளக்கு" என்றாள் மாதி. வேர் இளகியது.

"இளக்கு... இளக்கு... நிறுத்து."

ராக்கன் கூட்டுக்கு நேராகத் தொங்கினான். தேனீயை விரட்ட அவன் கொளுத்திய பச்சை இலைக்கட்டின் புகை மேலே வந்தது. தேனீக்கள் கலைந்து பாறை முழுக்க இரைந்தன.

"அக்கா" என்றான் பாசி.

மாதி பதில் சொல்லவில்லை. முறை அது.

"அக்கா, அவங்க நெசமாவே அப்படிச் சொன்னாங்களா?"

மாதி பின்னால் கையை நீட்டி, பேசாதே என்று சைகை காட்டினாள். அந்தச் சமயம் பார்த்து இளைய குட்டி விளையாட்டாக விளிம்பை நோக்கி உருண்டு வந்தது. அவள் பதறிப்போய் அதை ஒரு கையால் அள்ளித் தன் வயிற்றுக்கு அடியில் தள்ளினாள்.

"உன்னத்தான் கேக்கேன். நான் அழுக்காக்கா?"

குரல் உடைந்திருந்தது. தம்பி அழுகிறான். மாதிக்கு மனசு கேட்கவில்லை. கீழே பார்த்த கண்ணை எடுக்காமல், ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"உங்க மாமா சும்மா கேலி பண்றாரு. அத விடு."

தேனீ இரைச்சலில் முன்பாதி பாசியின் காதில் விழவில்லை. 'விடு' மட்டும் விழுந்தது. அவன் யோசிக்கவே இல்லை. என்றைக்கு யோசித்தான்? வேர் விரிந்தது, கொடி ஓடியது.

மாதி கொடி ஓடுவதைப் பார்த்ததும் திரும்பிப் பாய்ந்தாள். கையில் அகப்படவில்லை. கழுத்தைக் கொடுத்தாள். கொடி அவள் கழுத்தின் இரண்டு பக்கமும் உரசி, நெஞ்சின் நடுவே முடியையும் தோலையும் எரித்துக்கொண்டு ஓடியது. அவள் பிடிக்கத்தான் பார்த்தாள். கொடியின் கடைசி நுனியும் அவள் நகத்துக்கு அடியில் நழுவிப் போய்விட்டது.

கீழே ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் தேனீக்களின் சத்தம் மட்டும்தான்.

"மாமா காலூனிட்டாருன்னு நெனச்சேன்" என்றான் பாசி. "நீதானே அக்கா சொன்..."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. மாதியின் முகத்தைப் பார்த்துவிட்டான். அவள் எந்த 'விடு'வைச் சொன்னாள், தான் எந்த 'விடு'வைக் கேட்டோம் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். இருவரும் அந்தப் பாறையிலேயே கிடந்தார்கள். குட்டிகள் மட்டும், அப்பா எப்போது தேன் கொண்டுவருவார் என்று விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தன.

ராக்கனைப் புதைத்து முடிவதற்குள் காட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. கருமந்திகளுக்கு அதுதானே வேலை. மரத்துக்கு மரம் தாவி, "பாசி பிடிச்ச கயிறு தானா விடுமா? யாரோ விடச் சொல்லியிருக்கணும்" என்று ஓதின. "விளிம்புல படுத்துச் சொல்றவ யாரு? அவன் பொண்டாட்டிதானே?" என்று அடுத்த மரத்தில் இன்னொன்று கேட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

சடையன் கூட்டத்தாரைப் பாறைக்கு வரச் சொன்னான். அவன் கெட்டவன் அல்ல. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது. மாதி தன் குட்டிகள் இரண்டையும் காலுக்கிடையில் அணைத்தபடி வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா மாதி" என்றான் சடையன். "போனவன் போயிட்டான். கேக்க வேண்டியதக் கேக்காம இருந்தா அவன் ஆவி அடங்காது. நம்ம வழக்கம் உனக்கும் தெரியும். கயித்த விட்டவன் கையை இழக்கணும். பாசிக்குக் கையின்னா வேருதான். ஆனா, விடச் சொல்லி ஒருத்தர் சொல்லியிருந்தா, பிடிச்சவன் மேல குத்தமில்ல. சொன்னவங்க மேலதான் குத்தம். சொன்னவ பெத்தவளா இருந்தா, நம்ம வம்சத்துப் பிள்ளைங்க அவகிட்ட வளரக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிருவோம். அவ கண்ணுல காட்டமாட்டோம். இது நான் வச்ச சட்டமில்லம்மா."

மாதி வாயைத் திறந்தாள்.

அந்த ஒரு கணத்தில் அவள் மனசுக்குள் என்னென்ன ஓடியது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் வழியில்லை. ஆனால் ஊகிப்பது கஷ்டமா? 'நான் சொன்னேன், ஆனால் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை' என்றால் யார் கேட்பார்கள்? சொன்னாயா இல்லையா என்றுதான் கேட்பார்கள். வீட்டுப் பேச்சு பேசாதே என்று சொல்லியும் ஏன் பேசினாய் என்பார்கள். தம்பி பிழைப்பான். பிள்ளைகள் போய்விடும். இளைய குட்டி அவள் கால் முடியைச் சப்பிக்கொண்டிருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சடையன் பாசியின் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுப்பா. யாராச்சும் விடச் சொன்னாங்களா?"

பாசி அக்காளைப் பார்த்தான். மாதி அவனைப் பார்க்கவில்லை. குனிந்து குட்டியின் தலையை நக்கிக்கொண்டிருந்தாள். சுத்தமாக இருந்த தலையை, அதில் என்னவோ ஒட்டியிருப்பதுபோல் திரும்பத் திரும்ப நக்கினாள். பாசிக்கு அது போதுமாக இருந்தது.

"இல்ல மாமா" என்றான். "யாரும் சொல்லல. வழுக்கிடுச்சு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "என்னது, வழுக்குச்சா? யானை இழுத்தே வழுக்காத பிடியா?" என்றார்கள். சடையனுக்கும் நம்பிக்கை வரவில்லை. "மாதி, பக்கத்துல இருந்தவ நீ. உன் தம்பி சொல்றது மெய்யா? நீ சொன்னா நாங்க நம்புறோம்."

மாதி தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினாள்.

சடையன் எழுந்து வந்து அவள் நெஞ்சைப் பார்த்தான். கொடி எரித்த தடம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. "இங்க பாருங்க" என்று கூட்டத்துக்குக் காட்டினான். "புருஷனக் காப்பாத்தக் கழுத்தையே குடுத்திருக்கா. இவளையா மந்திங்க பேசுச்சு? இன்னையிலருந்து இவளப் பத்தி யாரும் வாய் திறக்கக் கூடாது." அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் மெய்யாகவே பட்ட காயம்தான் அது. ஆனால் அன்றைக்கு அது அவளுக்காகப் பொய்சாட்சி சொன்னது.

வேரைப் பறிப்பதிலும் ஒரு வழக்கம் இருந்தது. முதல் மண்ணைத் தாலியறுத்தவள்தான் தள்ள வேண்டும். அப்போதுதான் பழி தீரும்.

மாதி எழுந்தாள். குட்டிகளைக் கீழே விட்டால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். சடையன் பெண்டாட்டி அன்பாகத்தான் கையை நீட்டினாள். "பிள்ளைங்களக் குடு தாயி, நான் வச்சுக்கிறேன். நீ வேலையைப் பாரு." மாதி கொடுக்கவில்லை. இரண்டையும் முதுகில் ஏற்றி, முடியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தோளைக் குலுக்கிக் காட்டினாள். குட்டிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. அந்தச் சுமையோடு போய்த் தம்பியின் முன்னால் குனிந்தாள்.

அவள் நகம் பாறை வெடிப்பில் இறங்கியது. முதல் மண் சரிந்தது. அப்புறம் மற்றவர்களும் வந்து தோண்டினார்கள். கரடிகளின் நகம் அவ்வளவு நீளமானது அன்றைக்குத்தான் என்றும் சொல்வார்கள். அத்தனை ஆழம் தோண்ட வேண்டியிருந்தது. பாசி முனகவில்லை. ஒரே ஒருமுறை, மற்றவர் காதில் விழாமல், "அந்தப் பக்கம் மெதுவாக்கா, அங்க வேரு ரெண்டாப் பிரியுது" என்றான். மாதியின் கை நின்றது. யாரோ அவளைப் பார்த்தார்கள். கை மறுபடி தோண்டியது.

கடைசி வேரும் வந்தபின் அவனைப் பாறைமேல் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். காய்ந்து செத்துவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். செத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூடுபனி வந்து அவன்மேல் படிந்தது. தண்ணீரை இழுக்க வேர் இல்லாததால், உடம்பின்மேல் விழுந்த ஈரத்தையே குடித்துக் கிடந்தான். வெயில் வந்தால் கருகுவான், தூறல் விழுந்தால் பச்சை பிடிப்பான். வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவில் அவனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பெரணி வீட்டுப் பெண் சேதி கேட்டாள். அவள் ஓடையோரத்தை விட்டு வரவில்லை. வந்து என்ன செய்வாள்?

அவன் சொன்ன பொய் அவனைப் பிடித்துக்கொண்டது. 'வழுக்கிடுச்சு' என்றானே, அதற்குப்பின் அவன்மேல் கால் வைத்தவர் எவரையும் அவனால் தாங்க முடியவில்லை. மான் வந்தது, வழுக்கி விழுந்தது. கருமந்தி வேடிக்கை பார்க்க வந்து மல்லாந்து விழுந்தது. "பாத்தீங்களா, அப்பவே சொன்னான்ல" என்று காடு அவன் பொய்யை மெய்யென்று எடுத்துக்கொண்டது.

மாதிக்கு அந்த நாளிலிருந்து தூக்கமில்லை. ஒரு நாள் விடிந்ததும் மூடுபனியோடு பனியாகப் பாறைக்கு வந்தாள். முதுகில் குட்டிகள் இருந்தன. ஊரறியச் சொல்லாததைத் தம்பியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வந்தாள்.

பாசி அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். "வாக்கா" என்றான். "புள்ளைங்க சாப்பிட்டுச்சா?"

மாதி அவன் அருகில் உட்கார்ந்தாள். "மன்னிச்சு..." என்றாள்.

அடுத்த சொல் வரவில்லை.

மன்னிச்சு விடு என்றுதானே சொல்ல வேண்டும்? அந்த 'விடு' அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. அந்தச் சொல்லைச் சொன்ன நாளில்தான் கொடி ஓடியது. அதே சொல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் அவள் வாயை மூடினாள். இப்போது அது வெளியே வர மறுத்தது.

"மன்னிச்சு..." மறுபடி முயன்றாள். நாக்கு மடிந்தது. வேறு சொல்லில் சொல்லலாம் என்று பார்த்தாள். சடையனிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்லலாம் என்றும் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் நடுவில் அந்தச் சொல்லைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. "மன்..." என்றாள். கடைசியில் "ம்..." என்ற சத்தம்தான் மிஞ்சியது.

பாசிக்கு எல்லாம் புரிந்தது. "பரவால்லக்கா, அத..." என்று தொடங்கினான். வழக்கமாக எல்லாரும் சொல்கிற சமாதானம்தான். ஆனால் அதை முடிக்க அவனாலும் முடியவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, பாதிச் சொல்லோடு நின்றார்கள். மாதி எழுந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனாள். அதன்பின் அவள் வாயில் எந்தச் சொல்லும் வரவில்லை. அவள் குட்டிகளுக்கும் பேச்சு வரவில்லை. பேசிக் காட்ட ஆளிருந்தால்தானே பிள்ளைக்குப் பேச்சு வரும்?

அவள் நெஞ்சில் கொடி எரித்த தடம் ஆறி வெள்ளைத் தழும்பாயிற்று. இன்று நாம் பார்க்கிற கரடியெல்லாம் அவள் வம்சம்தான், எல்லாக் கரடியின் நெஞ்சிலும் அந்தத் தழும்பு வளைந்து வெளுத்துக் கிடக்கிறது. எதிரே வருகிறவர் யாரென்றும் எதற்கு வந்தாரென்றும் கரடி கேட்பதில்லை, பாய்ந்துவிடுகிறது. கேட்கச் சொல் வேண்டுமே. குட்டி நடக்கப் பழகிய பிறகும் அதைத் தரையில் விட மனசில்லாமல் முதுகில் ஏற்றிக்கொண்டுதான் அலைகிறது. பாறைமேல் பாசியைப் பார்த்தால் கையால் தொட்டுப் பாருங்கள். பிடிமானம் ஒன்றும் இல்லாமல் அப்படியே உரிந்து கையோடு வந்துவிடும்.

அன்று முதல்தான் பாசி வேரில்லாமல் பாறைமேல் படுத்துக் கிடக்கிறான், கரடி குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு, மன்னிப்பின் முதல் எழுத்தை மட்டும் "ம்ம்... ம்ம்..." என்று முனகியபடி காடெல்லாம் திரிகிறாள்.